வில்லியனூர் பேருந்தில் கேப்டன் டைகர்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே போவார்கள். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், காப்பிக் கடை, மாலையில் ஒரு நடை. பேருந்து நிலையத்தில் நான் ஏறிய வண்டி மேற்கே, வில்லியனூருக்குப் போகிற வண்டி. தோள்பையில் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மூன்று காமிக்ஸ்: கேப்டன் டைகரின் 'தங்கக் கல்லறை', ஒரு லக்கி லூக், அட்டை நைந்துபோன பழைய ஸ்பைடர் ஒன்று.

அழைத்தவர் பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் பயிரிடுகிற நண்பர். சென்னைப் புத்தகக் காட்சியில் லயன் - முத்து காமிக்ஸ் அரங்கின் முன் பழக்கமானவர். அந்த அரங்கில் யாரும் யாரையும் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று முதலில் கேட்பதில்லை. "உங்ககிட்ட எது வரைக்கும் இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. அப்படிக் கேட்டவர்தான், "ஒருநாள் ஊருக்கு வாங்கண்ணே, என் பெட்டியைத் திறந்து காட்டுறேன்" என்றார். காமிக்ஸ் வெறியனுக்கு இதைவிடப் பெரிய விருந்து அழைப்பு கிடையாது.

பெட்டியைப் பார்க்கிற ஆசையோடு எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் பிரெஞ்சு மொழியில் பிறந்தவர்கள். வில்லியனூரும் பாகூரும் 1749இல் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த ஊர்கள். நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. நிர்வாகத்துக்கு இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர். ஆனால் பிரெஞ்சுச் சித்திரக்கதைகளைத் தமிழில் இந்த ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பிரெஞ்சு அரசாங்கம் அல்ல, சிவகாசியில் உள்ள ஓர் அச்சகம். அந்தக் கதைகளை அந்த மண்ணிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 'தங்கக் கல்லறை'யைப் பிரித்தேன். அரிசோனாப் பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் டைகர் தவித்துக்கொண்டிருக்க, வெளியே வாழைத் தோப்பும் வயலும் ஓடின. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னும் வருதா சார்? நான் ராணி காமிக்ஸ் படிச்சிருக்கேன். மாயாவி!" என்றார். ராணி காமிக்ஸ் 1984இல் தொடங்கி 2005 வரை வந்தது. அதில் முகமூடி மாட்டிய மாயாவியாக வந்தவர், 1936இல் அமெரிக்காவில் லீ பால்க் உருவாக்கிய ஃபேண்டம். "எழுதினவர் பேரு தெரியுமா?" என்றேன். "மாயாவிக்கு எழுதுறதுக்கு ஆளு வேணுமா என்ன?" என்று சிரித்தார். என்ன அருமையான பதில்! நாயகனை இவ்வளவு நிஜமாக்கிவிட்டு எழுதியவர் மறைந்துபோகிறார். அது கலையின் வெற்றிதான். அந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதை நாம் கேட்பதில்லை. வழி முழுக்க எனக்கு அதே யோசனை.

வில்லியனூரில் இறங்கியதும் கண்ணில் படுவது திருக்காமீசுவரர் கோயில் கோபுரம். வைகாசிப் பெருவிழாவில் இந்தக் கோயில் தேரை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கம். பிரெஞ்சு கவர்னர்கள் காலத்துப் பழக்கம் அது, ஆட்சி மாறியும் விடாமல் தொடர்கிறது. சற்றுத் தள்ளி 1877ஆம் ஆண்டின் லூர்து மாதா திருத்தலம். பூக்கடைப் பெண்மணி இரண்டு இடத்துக்கும் ஒரே கூடையில் பூ கட்டி வைத்திருந்தார்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை, சுடுமண். வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆற்றங்கரைக் களிமண்ணில் குதிரை, யானை, அய்யனார் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. எல்லைச்சாமி கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளில் செய்தவர் பெயரை யாரும் பொறித்ததில்லை. அந்த மரபிலிருந்து வந்த வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருக்கு முன்னால் அதே மண்ணைப் பிசைந்த எத்தனையோ பேருக்கும் சேர்த்துக் கிடைத்த விருது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். செய்தவரைத் தேடிப்பிடித்துப் பெயர் சொல்வது ஒரு சமூகம் தன் கலைக்குத் தருகிற குறைந்தபட்சக் கூலி.

நண்பர் பைக்கோடு வந்துவிட்டார். பாகூருக்கு நேரே போகாமல் கீழூர் வழியாகப் போவோம் என்றார். புதுச்சேரி இந்தியாவோடு இணைய வேண்டுமா என்று மக்கள் பிரதிநிதிகள் 1954 அக்டோபர் 18 அன்று வாக்களித்த கிராமம் அது. வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நினைவிடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றோம். கூட்டம் இல்லை. வேப்பமர நிழலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இணைப்பு நடைமுறைக்கு வந்தது அந்த நவம்பரில். பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலெல்லாம் முடிந்து சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல்.

"அறுபத்திரண்டா?" என்றார் நண்பர். "அது நம்ம இரும்புக்கை மாயாவி பொறந்த வருஷமாச்சே!"

காமிக்ஸ்காரன் வரலாற்றை இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வான். அவர் சொன்னது சரி. 1962 அக்டோபரில் லண்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய கதைதான் பத்தாண்டு கழித்து இரும்புக்கை மாயாவி ஆனது. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன், வலக்கை போய் எஃகுக் கை பொருத்தியவன், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972 ஜனவரியில் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். எழுபதுகளில் தமிழ்ப் பையன்கள் பிளக்கில் விரல் வைக்கத் துணிந்ததற்கும், பெற்றோர்கள் காமிக்ஸைக் கண்டால் கிழித்ததற்கும் இந்த ஒரு கதாபாத்திரமே போதுமான காரணம்.

அதை எழுதியவர் கென்னத் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேசுஸ் பிளாஸ்கோ. இருட்டில் ஒரு கை மட்டும் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கிற படத்தை அவர்போல் வரைய ஆள் இல்லை. மூன்று பேரின் பெயரும் அன்று தமிழ் வாசகனுக்குத் தெரியாது. தமிழ் வாசகனை விடுங்கள், லண்டன் வாசகனுக்கே தெரியாது. அந்தக் காலத்து ஆங்கில வார இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடுவதில்லை. படைப்பாளிகளின் பெயரை முறையாகப் போடும் பழக்கத்தை அங்கே வேரூன்றச் செய்தது, 1977இல் வெளிவரத் தொடங்கிய '2000 ஏடி' என்ற இதழ்.

ஸ்பைடரின் கதை இன்னும் சுவாரசியம், இன்னும் வருத்தம். கூர்க்காது, கருப்பு உடை, வலைத் துப்பாக்கி. உலகத்தையே கொள்ளையடிக்கக் கிளம்பி, பிறகு நல்லவர் பக்கம் வந்த வில்லன். 1984இல் 'எத்தனுக்கு எத்தன்' வழியாக லயன் காமிக்ஸில் நுழைந்து, எண்பதுகளின் சிறுவர்களை ஆட்டிப்படைத்தான். 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய தொடர் இது. சில மாதங்களில் எழுதுகிற பொறுப்பு ஓர் அமெரிக்கருக்குப் போனது. அவர் பெயர் ஜெர்ரி சீகல்.

சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல்.

பள்ளி நாள்களிலிருந்தே நண்பனாக இருந்த ஓவியர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய சூப்பர்மேன் 1938இல் வெளிவந்தான். அந்த முதல் கதைக்கும் பாத்திரத்தின் முழு உரிமைக்கும் சேர்த்து இருவருக்கும் கிடைத்தது 130 டாலர். பிறகு உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். வழக்கும் போயிற்று, வேலையும் போயிற்று. அறுபதுகளில் சூப்பர்மேன் பதிப்பகத்தின் கதவு மீண்டும் அடைபட்ட பின், கடல் கடந்து லண்டன் இதழுக்குப் பெயரில்லாமல் எழுதினார் சீகல். சூப்பர்மேன் திரைப்படத்துக்குப் பெரும்பணம் புரளப்போகிறது என்ற செய்தி வந்த 1975இல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் தபால் பிரிக்கும் குமாஸ்தாவாக இருந்தார். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி நியாயம் கேட்டார். ஓவியர்களும் ரசிகர்களும் கூடக் குரல் எழுப்பிய பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேன் கதைகளில் இருவர் பெயரும் கிடைத்தன. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சணல் கயிற்றில் தொங்கிய ஸ்பைடர் புத்தகத்துக்குள் அந்த மனிதரின் கற்பனை இருந்தது என்பது பைக்கின் பின்னிருக்கையில் உட்கார்ந்து நினைக்கும்போதும் சிலிர்க்கிறது.

கீழூரிலிருந்து தெற்கே போகிற சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே வயலுக்கு வயல் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வளைவில் தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகை, அடுத்த வளைவில் மறுபடி புதுச்சேரி. எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைப் பலகை பார்க்காமலே சொல்லிவிடலாம். சாராயக்கடை வந்தால் புதுச்சேரி. ராபர்ட் கிளைவ் காலத்துப் போர்களின் கணக்கு வழக்கில் கிடைத்த எல்லை இது. பேருந்தும் மாடும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கரிக்கலாம்பாக்கத்தில் டீ. கடை பெஞ்சில் 'தினத்தந்தி' தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போயிருந்தது. ஒரு பெரியவர் கையில் 'கன்னித்தீவு' பக்கம். 1960இல் தொடங்கியது. ஓவியர் கணு வரைந்து ஆரம்பித்து வைத்தார், பிறகு கைகள் மாறின. சிந்துபாத் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. மூன்று கட்டப் படத்தை அவர் முப்பது நொடியில் பார்த்துவிட்டு, அடுத்து இருந்தவரிடம் தாளை நீட்டினார்.

"என்ன ஆச்சு ஐயா கதையில?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல தம்பி. ஆவாது. நாளைக்கும் பாக்கணும்ல?"

தொடர்கதையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைக்கு எதிர்ச்சுவரில் திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்கான கூத்து நோட்டீஸ். பாரதம் படித்து, இரவுகளில் கூத்து நடத்தி, கடைசியில் தீமிதியோடு முடிகிற விழா இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. நோட்டீஸை நிதானமாகப் படித்தேன். வாத்தியார் பெயர் முதலில். அர்ச்சுனன் வேடம் யார், துரியோதனன் யார், பெண்வேடம் யார், கட்டியங்காரன் யார், மத்தளம் யார், ஆர்மோனியம் யார் என்று அத்தனை பேரும் ஊர்ப்பெயரோடு. பிளாஸ்கோவுக்கும் சீகலுக்கும் லண்டனில் கிடைக்காத மரியாதையைக் கரிக்கலாம்பாக்கம் சுவரில் மத்தளக்காரர் பெற்றிருந்தார். கூத்தில் என் மனசுக்குப் பிடித்தவர் எப்போதும் கட்டியங்காரன்தான். ராஜாவையே கிண்டலடிப்பான், உள்ளூர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவான். லக்கி லூக் கதைகளில் வருகிற முட்டாள் நாய் ரின்டின் கேனைக் காணும்போதெல்லாம் எனக்குக் கட்டியங்காரன் நினைவு வரும். கதை நகர்வதற்கு அவசியமே இல்லாத ஒருவன், அவன் இல்லாவிட்டால் பார்க்க ஆளே இருக்காது.

எழுதியவரை நடிகர்கள் கொண்டாடுகிற மரபும் இந்தப் புதுச்சேரி மண்ணிலேயே இருக்கிறது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று மறைந்தது புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' என்று அவர் எழுதிய நாடகங்களைத் தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் இன்றும் நடிக்கிறார்கள்; நடிகர்கள் அவர் படத்துக்குப் பூப்போட்டுவிட்டு மேடையேறுகிறார்கள். வெகுஜனக் கலையில் எழுத்தாளனுக்கு இப்படி ஒரு இடம் கொடுத்த நாமா, சித்திரக்கதை என்று வந்ததும் எழுதியவன் யார் என்று கேட்க மறந்தோம்?

பாகூர் ஏரிக்கரையில் ஏறியபோது வெயில் இறங்கியிருந்தது. ஊசுட்டேரிக்கு அடுத்துப் புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும். இந்த வயல்களை நெற்களஞ்சியமாக வைத்திருப்பது இந்தத் தண்ணீர்தான். 1752இல் இதே பாகூரில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயப் படையும், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் உறவினர் கெர்ஜான் தலைமையில் பிரெஞ்சுப் படையும் மோதின; பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். "டைகர் கதைக்கு லொகேஷன் தேடவே வேணாம்ணே" என்றார் நண்பர். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

மூலநாதர் கோயிலுக்குள் போனோம். சோழர் காலக் கற்றளி. அடித்தளத்தில் ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களுமாகச் சிறிய சிற்பங்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் பாகூரின் பெரும்புகழ் அதைவிடப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் அந்தக் கல்லூரிக்காக மூன்று ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டது. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று ஊர்ப்பெயர்கள்கூட இருக்கின்றன. 1879இல் கண்டெடுக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் சொல்கிற செய்தி இது. படிக்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் சோற்றுக்குக் கவலைப்படக் கூடாது என்று மூன்று ஊர் விளைச்சலை எழுதிவைத்த இடத்தில் நின்றுகொண்டு, சூப்பர்மேனுக்குக் கிடைத்த 130 டாலரை நினைத்தேன். எழுத்தால் வாழ்கிறவருக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி பழையதுதான். பாகூர் அதற்கு அன்றே ஒரு பதில் வைத்திருந்தது.

இருட்டும் நேரத்தில் நண்பர் வீட்டுத் திண்ணை. அவர் மனைவி சுடச்சுடப் பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எண்ணெய்க் கையோட புத்தகத்தைத் தொட்டா உங்க ஃப்ரெண்டு அழுதுடுவாரு, பாத்துக்குங்க" என்று எச்சரித்தார். தகரப் பெட்டி வந்தது. உள்ளே பழைய வேட்டித் துணி, வசம்புத் துண்டுகள், அவற்றுக்கு நடுவே முத்து, லயன், ராணி, பூந்தளிர். லாரன்ஸ் - டேவிட், ஜானி நீரோ, ரிப்போர்ட்டர் ஜானி, டெக்ஸ் வில்லர். 2010இல் பதினெட்டுப் பாகமும் ஒரே தொகுப்பாக வந்த 'இரத்தப் படல'மும் அடியில் கனமாகக் கிடந்தது. நினைவிழந்த ஒருவன் தன் பெயரைத் தேடி அலைகிற கதை; எழுதியவர் பெல்ஜியத்தின் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ்.

எதிர்வீட்டுத் தாத்தா வந்து உட்கார்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கிராமங்களில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வரும், பேரப்பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள், இவர்கள் இங்கே வேட்டி கட்டிக்கொண்டு மாடு பார்ப்பார்கள். என் லக்கி லூக்கை எடுத்த தாத்தாவின் முகம் மலர்ந்தது.

"அட, லுக்கி லுக்! பாரக்ஸ்ல இது கை மாறி கை மாறிக் கெடக்கும். பேப்பர் படிச்சா எனக்குப் புரியாது. இது புரியும். இதுலதான் பாதி பிரெஞ்சு கத்துக்கிட்டேன்."

டால்டன் சகோதரர்கள் சிறையிலிருந்து தப்பிக்கிற பக்கத்தில் நின்று, தமிழ் வசனத்தை வாய்விட்டுப் படித்துக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதையோ தேடினார்.

"இதை எழுதுன மனுசன் பேரு என்ன தம்பி? தமிழ்ல எழுதுனவரும்தான்."

அன்று முழுக்க என்னோடு வந்த கேள்வியை அவர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். நாங்கள் இருவரும் போட்டி போட்டுச் சொன்னோம்.

லக்கி லூக்கை உருவாக்கி வரைந்தவர் பெல்ஜியக்காரர் மோரிஸ். 1955 முதல் எழுதியவர் ரெனே கோசினி. ஆஸ்டெரிக்ஸையும் எழுதிய கை அது. 1926இல் பிறந்து 1977இல் ஐம்பத்தோரு வயதில் போய்விட்டார். அதே 1926இல் பிறந்து அதே 1977இல் மறைந்த ஒருவர் நமக்கும் உண்டு: தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாகத் தன்னையே ஒரு கதாபாத்திரம் ஆக்கிக்கொண்ட 'கல்கண்டு' தமிழ்வாணன். துப்பறியும் சங்கர்லாலை உலகம் சுற்றவைத்தவர். இருவரும் வெகுஜன வாசகனை மட்டமாக நினைக்காதவர்கள். சிரிக்கவைப்பதற்கும் திகிலூட்டுவதற்கும் கடுமையாக உழைக்க வேண்டும் என்று அறிந்தவர்கள்.

கேப்டன் டைகரின் பிரெஞ்சுப் பெயர் ப்ளூபெர்ரி. 1963இல், புதுச்சேரி சட்டப்படி கைமாறிய மறு ஆண்டில், 'பிலோத்' இதழில் தொடங்கியது. எழுதியவர் ஜான் மிஷேல் ஷார்லியே, வரைந்தவர் ஜான் ஜிரோ. அன்றைய பிரெஞ்சு நடிகர் பெல்மாண்டோவின் உடைந்த மூக்கையே நாயகனுக்கு வைத்தார் ஜிரோ. பதின்பருவத்தில் மெக்சிகோவில் பல மாதங்கள் தங்கிப் பார்த்த பாலைவனம்தான் 'தங்கக் கல்லறை'யின் பக்கங்களில் தகிக்கிறது. இதே மனிதர் மோபியஸ் என்ற பெயரில் வேறு விதமாக வரைந்து, ஹாலிவுட்டின் 'ஏலியன்' படத்துக்கு விண்வெளி உடை வடிவமைத்துக் கொடுத்தார். ஷார்லியே கதை பின்னுவதில் எமன். டைகர் ஒரு வம்பிலிருந்து தப்பித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வம்பின் கதவைத் திறந்துவைத்திருப்பார்.

தமிழில் எழுதியவர்கள்? முத்து காமிக்ஸின் தொடக்க நாள்களில் முல்லை தங்கராசன். பிறகு நீண்ட காலம் கருணையானந்தம். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதின்பருவத்திலேயே ஆசிரியராகி 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசி சாகசம். ஐரோப்பியப் பதிப்பகங்களோடு பேசி உரிமை வாங்குவது, மொழிபெயர்ப்பது, அச்சுக்கு அனுப்புவது, வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவர் தலையில். அந்த அனுபவங்களை 'சிங்கத்தின் சிறுவயதில்' என்ற தொடராக எழுதியிருக்கிறார்; எந்தச் சாகசக் கதைக்கும் குறையாத விறுவிறுப்பு. டால்டன்கள் தமிழில் சண்டை போடும்போது நம் தெருச் சண்டைபோல் காதில் விழுவதும், டைகர் அலுத்துக்கொள்ளும்போது நம் பெரியப்பா அலுத்துக்கொள்வதுபோல் இருப்பதும் தானாக நடக்கிற காரியம் அல்ல. பலூனின் அளவு மாறாது. அதற்குள் தமிழ் வசனம் அடங்கவும் வேண்டும், சிரிப்பும் வரவேண்டும்.

நண்பர் பூந்தளிர் இதழ்களைத் தனியே எடுத்து வைத்தார். "இவரை விட்டுட்டீங்களே அண்ணே." வாண்டுமாமா. அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. பெரியவர்களுக்குக் கௌசிகன், குழந்தைகளுக்கு வாண்டுமாமா. 'கோகுல'த்திலும் 'பூந்தளி'ரிலும் கதை, படக்கதை, புதிர், அறிவியல் என்று ஒற்றை ஆளாக எழுதிக் குவித்துவிட்டு 2014இல் மறைந்தார். பூந்தளிரில் வந்து நம்மைச் சிரிக்கவைத்த சுப்பாண்டிக்கும் ஒரு தமிழ்க் கை உண்டு. திருச்சியைச் சேர்ந்த பி. வரதராஜன் எழுதி அனுப்பிய கதைகளைத்தான் மும்பையின் 'டிங்கிள்' இதழ் 1983 முதல் சுப்பாண்டி ஆக்கியது. இந்தியா முழுக்கச் சிரித்த அந்த அசட்டுப் பையன் நம் ஊரிலிருந்து போனவன்.

தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு லக்கி லூக்கை மடியில் வைத்துக்கொண்டார். படித்துவிட்டுத் தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பாகூரில் புதுச்சேரி வண்டி ஏறும்போது பையில் புத்தகம் குறைந்திருந்தது, மனசு குறையவில்லை. கடலூர் சாலைக்கு வண்டி வருவதற்குள் ஸ்பைடரை மீண்டும் ஒருமுறை முடித்துவிட்டேன். இப்போது வில்லனின் ஒவ்வொரு திட்டத்துக்குப் பின்னாலும் சீகலின் கை தெரிந்தது. கதையின் சுவை அதனால் குறையவில்லை. கூடியது.

காமிக்ஸ் பெட்டிக்கடைகளை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகின்றன. 2012இல் புத்துயிர் பெற்ற லயனும் முத்துவும் வண்ணத்தில், தடித்த தாளில், பெரும்பாலும் சந்தாதாரர்களையும் புத்தகக் காட்சிகளையும் நம்பி வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் இன்று அவற்றில் பார்க்க முடிகிறது. ரசிகன் செய்ய வேண்டியது இரண்டே காரியம். புத்தகத்தைப் பிரித்ததும் அந்தப் பெயர்களை வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வருடிப் பரப்பப்படும் திருட்டுக் கோப்பைத் தேடாமல் காசு கொடுத்து வாங்குங்கள். மூன்று ஊர் வருவாயை எழுதிவைக்க நம்மால் ஆகாது. ஓர் ஆண்டுச் சந்தா கட்ட ஆகும்.